பெரியம்மா கேட்ட கேள்வி: பக்கவாதத்துக்கு மூலிகைச் சாறு கொடுக்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் நிறைய பேர் திரும்பத் திரும்பக் கேட்டது. "வல்லாரை, அஸ்வகந்தா, மஞ்சள் இதெல்லாம் பக்கவாதம் வந்தா மூளையைக் காப்பாத்தும்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?"

இதைப் பத்திப் பேச எனக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, நான் எம்.ஃபார்ம் படிச்சது மருந்தியல். மூலிகைச் சாறுகளை எலிகளுக்குக் கொடுத்து மூளையில் என்ன நடக்குதுன்னு பார்க்கிற துறையில்தான் இருந்தேன். இன்னொண்ணு, எங்க பெரியப்பா.

எங்க ஊர் கந்தர்வக்கோட்டை. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில், செம்மண், முந்திரி, கடலை உள்ள ஊர். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் எங்க பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது பலருக்கு நினைவிருக்கும். பெரியப்பா தோப்பில் பாதி போயிருச்சு. மிஞ்சின மரங்களில் கொட்டை பொறுக்குற ஒரு பங்குனி மாசக் காலையில்தான் இது நடந்தது.

காலை ஆறரைக்குக் கூட வேலை செய்றவங்ககிட்ட நல்லாப் பேசிக்கிட்டு இருந்திருக்கார். ஆறே முக்காலுக்கு டீ டம்ளர் கையிலிருந்து நழுவியிருக்கு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. வார்த்தை குழறுச்சு. தூக்கிட்டு வந்து திண்ணையில் படுக்க வச்சாங்க. "வாதம் அடிச்சிருச்சு"ன்னு தெருவே கூடிருச்சு. யாரோ வல்லாரையை இடிச்சுச் சாறு கொண்டு வந்து ஊத்தினாங்க. பாதி உள்ளே போச்சு, மீதியில் புரையேறி இருமினார். அப்புறம், வாதத்துக்குப் பார்க்கிறவர் பக்கத்து ஊரில் இருக்கார்னு காரில் கூட்டிட்டுப் போனாங்க. புறா ரத்தம் தடவிக் கட்டிவிட்டார். திரும்பி வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை.

அப்பதான் பெரியம்மா எனக்கு போன் பண்ணினாங்க. அவங்க கேட்டது இன்னும் காதில் இருக்கு. "ஏன் ஆயி, நீ எலிக்கெல்லாம் ஏதோ மூளை மருந்து கொடுக்கிறேன்னு சொன்னியே, அதை இவருக்குக் கொடுக்கலாமா?"

நான் அப்போ சென்னையில். உடனே பதில் சொல்லியிருக்கணும். ஆனா நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "இருங்க பெரியம்மா, கேட்டுட்டுக் கூப்பிடுறேன்"னு வச்சுட்டேன். சீனியர் ஒருத்தருக்குப் போட்டேன், எடுக்கலை. இன்னொருத்தருக்குப் போட்டேன். அவர் ஒரே வரியில் சொன்னார்: "முதல்ல ஆளை வண்டியில ஏத்தச் சொல்லு." இருபது நிமிஷம் போயிருச்சு.

தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது பதினொண்ணே கால். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" கணக்குப் போட்டுப் பார்த்தா நாலரை மணி நேரம் முடிஞ்சிருந்தது. அந்த நாலரை மணி நேரம் ஏன் முக்கியம், மூலிகை அந்த நேரத்துக்குள் எதாவது செய்ய முடியுமா, இதுதான் இன்றைய எபிசோட்.

அடைப்புக்குப் பின்னால் உள்ள வயல்

பக்கவாதத்தில் ரெண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவது ஒண்ணு. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொண்ணு. பெரும்பாலும் வருவது முதல் வகை. வெளியிலிருந்து பார்த்து இது எந்த வகைன்னு யாராலும் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இதை மனசில் வச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

அடைப்பு வகையைப் புரிஞ்சுக்க ஒரு வாய்க்காலை நினைச்சுக்கலாம். மடையில் மண் சரிஞ்சு தண்ணீர் நின்னுபோச்சு. அந்த மடையை மட்டுமே நம்பியிருக்கும் வயல் உடனே காயும். அதைச் சுத்தியுள்ள வயல்கள் அப்படி இல்லை. பக்கத்து வாய்க்காலிலிருந்து கொஞ்சம் கசிவு வரும். பயிர் வாடும், ஆனா சாகாது. சீக்கிரம் அடைப்பை எடுத்தால் பிழைக்கும். நாள் போனால் அதுவும் காய்ந்துவிடும்.

மூளையிலும் இதேதான். நடுவில் உள்ள பகுதி சில நிமிஷங்களில் இறந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிகிச்சை எல்லாம் அந்தச் சுற்றுப் பகுதிக்காகத்தான். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். நான் இழந்த அந்த இருபது நிமிஷத்தை இந்த எண்ணோடு பெருக்கிப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் தைரியம் வரலை.

அடைப்பைக் கரைக்கும் ஊசியின் பெயர் ஆல்டிபிளேஸ். மூணு மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. நாலரை மணி வரை போடலாம் என்று 2008-ல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், குழாய் வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை வெளியே இழுக்கும் முறையும் 2015-க்குப் பிறகு நிலைபெற்றது. தகுந்த சிலருக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் அந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை.

சரி, மூலிகை எங்கே வருது? அடைப்பை எடுக்கும் வரை வாடும் பயிரைத் தாங்க வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஆக்ஸிஜன் இல்லாத செல்லில் வரிசையாகச் சில விஷயங்கள் நடக்கும். சக்தி தீரும். குளூட்டமேட் என்ற ரசாயனம் அளவுக்கு மேல் கொட்டும். கால்சியம் உள்ளே பாயும். ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகும். பிறகு அழற்சி வரும். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியை அறுத்தால் செல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். செடிகளில் ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் பொருட்களும் அழற்சியைக் குறைக்கும் பொருட்களும் நிறைய உண்டு. அதனால் இந்த யோசனையில் தப்பே இல்லை.

எலி பிழைத்தது, சரி

வல்லாரை, நீர்ப்பிரமி, அஸ்வகந்தா, மஞ்சளில் உள்ள குர்குமின், இவை எல்லாவற்றிலும் எலி ஆய்வுகள் இருக்கின்றன. பலவற்றில் நல்ல முடிவும் வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவது முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எலியின் கழுத்தில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய நைலான் இழையைச் செலுத்தி, மூளையின் நடுத் தமனியை அடைப்போம். ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழித்து இழையை உருவிவிடுவோம். மறுநாள் மூளையை எடுத்து எவ்வளவு இடம் செத்திருக்கு என்று அளப்போம். இதில் முக்கியமான விஷயம் என்னன்னா, பல ஆய்வுகளில் மூலிகைச் சாற்றை அடைப்புக்கு முன்னாடியே ஒரு வாரம், ரெண்டு வாரம் தினமும் கொடுத்திருப்பார்கள். அந்த எலிகள் இளசு. பி.பி. கிடையாது, சுகர் கிடையாது, பீடி கிடையாது. அடைப்பு எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு விலகும் என்று எங்களுக்குத் தெரியும்.

எங்க பெரியப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு. பி.பி. இருந்தது. அடைப்பு வந்த பிறகுதான் சாறு வந்தது. குழாய் அடைபட்ட இடத்துக்கு ரத்தமே போகாதபோது, வயிற்றில் விழுந்த சாறு அங்கே எப்படிப் போய்ச் சேரும்? குர்குமினை எடுத்துக்கொண்டால், வாய் வழியாகச் சாப்பிட்டதில் ரொம்பக் கொஞ்சம்தான் ரத்தத்தில் கலக்கிறது. மூளைக்குள் போக இன்னொரு காவலைத் தாண்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல் அளவு. ஒரு கைப்பிடி வல்லாரையில் எவ்வளவு மருந்துப் பொருள் இருக்கு என்பது மண்ணைப் பொறுத்து, பருவத்தைப் பொறுத்து மாறும். பெயரே குழப்பம். நாம் நீர்ப்பிரமி என்று சொல்வதும் பிரம்மிதான், வடக்கே பல இடங்களில் வல்லாரையும் பிரம்மிதான். ரெண்டும் வேறு வேறு செடி.

இது மூலிகைக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. பெரிய மருந்துக் கம்பெனிகளும் இதே இடத்தில் வழுக்கி விழுந்திருக்கின்றன. பக்கவாதத்தில் மூளையைக் காப்பதாக ஆய்வுக்கூடத்தில் பார்க்கப்பட்டவை எத்தனை என்று 2006-ல் ஒரு குழு எண்ணிப் பார்த்தது. 1,026 வந்தது. என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்து மேல் எல்லோரும் நம்பிக்கை வைத்திருந்தார்கள். 2006-ல் வந்த முதல் பெரிய ஆய்வில் பலன் தெரிந்தது. 2007-ல் இன்னும் பெரிய ஆய்வில் அந்தப் பலன் காணாமல் போனது. ரெண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 5,000 நோயாளிகள். அதோடு அந்த மருந்தைக் கைவிட்டார்கள்.

மனிதர்களிடம் பார்த்தது

அப்போ செடியிலிருந்து எதுவுமே வரலையா? வந்திருக்கு. அதையும் நேர்மையாகச் சொல்லணும்.

நியூரோஎய்ட் என்று ஒரு சீன மருந்து. ஒன்பது மூலிகைகளும் ஐந்து விலங்குப் பொருட்களும் சேர்ந்த கலவை. சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், இலங்கை உட்பட சில ஆசிய நாடுகளில் 1,100 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. மூணு மாசம் கழித்துப் பார்த்தால், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்கு இன்னொரு மூலிகைக் கலவையைக் கொடுத்துப் பார்த்த சீன ஆய்வு 2024-ல் வெளியானது. 1,600-க்கு மேற்பட்ட நோயாளிகள். அதிலும் பலன் இல்லை.

இப்போ மறுபக்கம். சூப்பில் போடுவோமே செலரி, அதன் விதையில் கண்டெடுத்த பொருள் பியூட்டைல்தாலைடு. சீனாவில் 1,216 நோயாளிகளிடம் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் 56.7 சதவீதம் பேர் மூணு மாசத்தில் நல்ல நிலைக்கு வந்தார்கள். பெறாதவர்களில் 44 சதவீதம். அடுத்தது எடாரவோன் டெக்ஸ்போர்னியால். இதில் ஒரு பகுதி, பச்சைக் கற்பூரத்துக்கு நெருங்கிய உறவான போர்னியால். 1,165 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வந்தது. எடாரவோன் மட்டும் பெற்றவர்களைவிட இந்தக் கூட்டு மருந்து பெற்றவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தேறினார்கள்.

இதைக் கேட்டுட்டு யாரும் கற்பூரத்தை எடுத்து வாயில் போட்டுக்காதீங்க. கற்பூரம் அளவு மீறினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து.

இந்த ரெண்டு மருந்திலும் ஒரு ஒற்றுமையைக் கவனியுங்க. செடியில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை, மில்லிகிராம் கணக்கில், ஆஸ்பத்திரியில் தொடங்கிக் கொடுத்தார்கள். செலரி மருந்து ஆய்வில் இருந்த நோயாளிகள் ஆறு மணி நேரத்துக்குள் வந்து, அடைப்பை எடுக்கும் சிகிச்சையும் பெற்றவர்கள். அதாவது மருந்து தனியாக நின்று ஜெயிக்கலை. அடைப்பை எடுப்பதற்குத் துணையாக நின்றது. முடிவுகளும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தவை. மற்ற நாட்டு மக்களிடமும் இதே பலன் தெரிய வேண்டும்.

நம்ம ஊர்ச் செடி ஒண்ணு ஜெயிச்சிருக்கு

இதைச் சொல்லத்தான் இந்த எபிசோடையே எடுத்தேன். மனித மூளையைப் பக்கவாதத்திலிருந்து காத்ததாகக் கெட்டியான ஆதாரம் உள்ள இந்தியச் செடி ஒண்ணு இருக்கு. வல்லாரை இல்லை. சர்ப்பகந்தா.

பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் காலங்காலமாகப் பயன்பட்ட வேர் அது. 1931-ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற ரெண்டு மருத்துவர்கள் அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், தன் நோயாளிகளிடம் கண்டதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தது.

பிறகு அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் ஒரு ஆய்வு. ரெசர்பினோடு இன்னும் ரெண்டு பி.பி. மருந்துகளைச் சேர்த்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 1970-ல் 380 பேரின் முடிவு வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்குப் பக்கவாதம். மருந்து சாப்பிட்டவர்களில் 5 பேருக்கு. பி.பி.யைக் குறைத்தால் பக்கவாதத்தைத் தடுக்கலாம் என்பதை நிலைநாட்டிய தொடக்க கால ஆய்வுகளில் இது ஒன்று. அதில் நம்ம மண்ணின் வேர் ஒன்றுக்கும் பங்கு உண்டு.

ஆனா அது அடைப்பு வந்த பிறகு வேலை செய்யலை. வருவதற்கு முன்னாடி, தினமும், அளந்த அளவில், வருஷக்கணக்கில் வேலை செஞ்சது. ரெசர்பினுக்கு மனச்சோர்வு, தூக்கம், மூக்கடைப்பு போன்ற தொந்தரவுகள் இருந்ததால் இப்போ அதைவிட நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. அதனால் நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்தா வேரைத் தேடிப் போக வேண்டாம்.

எங்க வீட்டுக்கதையின் மீதியை இப்போ சொல்றேன். ஆஸ்பத்திரியில் மாத்திரைச் சீட்டைக் கேட்டப்போதான் தெரிஞ்சது. பெரியப்பா ஆறு மாசத்துக்கு முன்னாடியே பி.பி. மாத்திரையை நிறுத்திட்டார். "அது இங்கிலீஷ் மருந்து, கிட்னி போயிரும்"னு யாரோ சொல்லியிருக்காங்க. அதுக்குப் பதிலா ஒரு கஷாயப் பொடி குடிச்சிருக்கார். அவர் செடியை நம்பினதில் எனக்கு வருத்தமில்லை. பி.பி. குறைஞ்சுதான்னு ஒரு தடவைகூட யாரும் அளந்து பார்க்கலை. மருந்தியல் படிச்ச நானும் அந்த ஆறு மாசத்தில் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். முந்திரிப் பருப்பு வாங்கிட்டு வந்தேன். மாத்திரை சாப்பிடுறீங்களா பெரியப்பான்னு கேட்கலை.

அப்போ என்ன செய்யணும்?

முகம் ஒரு பக்கம் கோணுதா? ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒண்ணு கீழே விழுதா? பேச்சு குழறுதா? இதில் ஒண்ணு இருந்தாலும் உடனே 108. கடைசியா நல்லா இருந்த நேரத்தைக் காலண்டரிலோ கையிலோ எழுதிக்கோங்க. டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

வாயில் எதையும் ஊத்தாதீங்க. சாறு, கஷாயம், காபி, சோடா, தண்ணீர்கூட வேண்டாம். பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி போயிருக்கலாம். ஊத்தினது நுரையீரலுக்குப் போகும். பெரியப்பாவுக்கு அப்படித்தான் மூணாம் நாள் நிமோனியா வந்தது. பக்கவாதத்தைவிட அதில்தான் அவரை இழந்துவிடுவோமோன்னு பயந்தோம். ஆஸ்பிரினும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். முன்னாடி சொன்னேனே, ரத்தக்கசிவா அடைப்பான்னு ஸ்கேன் இல்லாமல் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும்.

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கே தஞ்சாவூர், தெற்கே புதுக்கோட்டை. ரெண்டு பக்கமும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. ரெண்டும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். எங்களுக்குப் பயணத்துக்கு ஆனது முக்கால் மணி நேரம். மீதி மூணே முக்கால் மணி நேரத்தையும் நாங்கதான் ஊரில் செலவழிச்சோம். அதில் இருபது நிமிஷம் என் கணக்கு.

சித்த மருத்துவத்தையோ மூலிகையையோ விட்டுடுங்கன்னு நான் சொல்லலை. வல்லாரைத் துவையல் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்க. பக்கவாதத்துக்குப் பிறகு எண்ணெய்த் தேய்ப்பு, சித்த மருந்து எடுக்கணும்னா படிச்ச சித்த மருத்துவரிடம் போங்க. அரசு ஆஸ்பத்திரிகளிலேயே சித்தப் பிரிவு இருக்கு. ஆனா ரெண்டு டாக்டருக்கும் ரெண்டு பக்க மருந்தும் தெரியணும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க மஞ்சள் கேப்சூல், ஜின்கோ, பூண்டு கேப்சூல் எல்லாம் சேர்த்து எடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். பிசியோதெரபியை எந்த மருந்துக்காகவும் நிறுத்தாதீங்க.

பி.பி. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறாங்க. கஷாயம் குடிக்கிறவங்களும் மாசம் ஒரு தடவை பி.பி. அளந்து பாருங்க. எண் இறங்கலைன்னா அந்த மருந்து உங்களுக்கு வேலை செய்யலைன்னு அர்த்தம்.

பெரியப்பா இப்போ நடக்கிறார். வலது கை சரியா வரலை. முந்திரிக்கொட்டையை இடது கையால் பொறுக்குறார். பேச்சு மெதுவா வருது, ஆனா புரியும். போன மாசம் போயிருந்தப்போ பெரியம்மா மாத்திரை டப்பாவைக் கொண்டு வந்து என் முன்னாடி வச்சாங்க. "எண்ணிப் பாத்துக்க ஆயி, ஒண்ணு குறையாமச் சாப்பிடுறாரு"ன்னாங்க. எண்ணினேன். சரியா இருந்தது.

இதைக் கேட்டு முடிச்சதும் ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் பி.பி. உள்ள பெரியவங்களுக்கு ஒரு போன் போட்டு, மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.